நோட்டிலிருந்து அட்மிடியோவுக்கு: கிளப் உறுப்பினர் பதிவேட்டைக் கணினியில் ஏற்றும் வழி

நோட்டுப் புத்தகத்தில் 143 பேர். பொருளாளரின் எக்செல் கோப்பில் 131 பேர். வாட்ஸ்அப் குழுவில் 167 பேர். எங்கள் ஊர் ஷட்டில் கிளப்பின் செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்த வாரம் எண்ணிப் பார்த்த கணக்கு இது. பொதுக்குழுவுக்கு அழைப்பு அனுப்ப வேண்டும். யாருக்கு அனுப்புவது என்றே தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் இருந்தவர்களில் ஒருவர் நெட் கட்டித் தருபவர், இன்னொருவர் எதிர்த்த டீக்கடைக்காரர். நோட்டில் இருந்தவர்களில் இருவர் காலமாகியிருந்தார்கள்.

உங்கள் கிளப்பும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது என்றால் மேலே படியுங்கள். அட்மிடியோ என்ற இலவச உறுப்பினர் பதிவேட்டு மென்பொருளில் எங்கள் பட்டியலை ஏற்றிய வழியைச் சொல்கிறேன். வாசகர் வட்டம், மனமகிழ் மன்றம், காலை நடைக் குழு என்று எதுவானாலும் வேலை ஒன்றுதான். கணினியில் கோப்பைத் திறக்கவும் காப்பி எடுக்கவும் எக்செல்லில் ஒரு பத்தி சேர்க்கவும் தெரிந்தால் போதும், நிரல் எழுதத் தெரிய வேண்டாம்.

பதிவு செய்த சங்கம் என்றால் இது வசதிக்காகச் செய்யும் வேலை மட்டும் அல்ல. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, உறுப்பினர் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. அதற்காகக் கணினியில் ஏற்றிவிட்டோமே என்று பழைய பதிவேட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கையெழுத்து இருப்பது அதில்தான்.

எந்த மென்பொருள்?

முதலில் ஒரு உண்மை: உறுப்பினர்கள் நாற்பது பேருக்குள் என்றால் எந்த மென்பொருளும் வேண்டாம். எக்செல் போன்ற இலவச மென்பொருளான லிப்ரேஆபிஸ் கால்க்கில் ஒரே ஒரு தாள், அதைத் திருத்த ஒரே ஒருவர். அது போதும். இரண்டு மூன்று பேர் ஒரே பட்டியலில் கை வைக்க வேண்டிய நிலை வரும்போதுதான் தாள் உடைய ஆரம்பிக்கும்.

அதற்கு மேல் போனால் கட்டற்ற மென்பொருள்களில், அதாவது யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமை உள்ளவற்றில், மூன்றைச் சொல்வேன். பெரிய அமைப்பு, நன்கொடை, நிகழ்ச்சிக் கட்டணம், தானாகப் போகும் நினைவூட்டல் எல்லாம் வேண்டும் என்றால் சிவிசிஆர்எம். 2005 முதல் இருக்கிறது, வேர்ட்பிரஸ், ட்ருபால் போன்ற இணையதளம் அமைக்கும் மென்பொருள்களின் மேல் ஏறி ஓடும். ஆனால் அதைக் கட்டிக் காக்க விஷயம் தெரிந்த ஒருவர் கூடவே வேண்டும். பிரான்சிலிருந்து வருவது கலெட், சிறிய சங்கங்களுக்காகவே எழுதியது. ஜெர்மனியிலிருந்து வருவது அட்மிடியோ. நாங்கள் எடுத்துக்கொண்டது அட்மிடியோவை. ஜெர்மனியில் தெருவுக்குத் தெரு சங்கம் வைக்கும் பழக்கம் உண்டு. பாட்டுக்கு ஒன்று, துப்பாக்கி சுடுவதற்கு ஒன்று, தோட்டம் போடுவதற்கு ஒன்று. சங்கத்தைப் பதிவு செய்ய அங்கேயும் ஏழு பேர், இங்கேயும் ஏழு பேர். அந்த ஊர்ச் செயலாளர்களின் தலைவலிக்காகச் செய்த மருந்து நமக்கும் கேட்கிறது.

கட்டற்றதாக ஏன் இருக்க வேண்டும் என்று எங்கள் நிர்வாகக் குழுவிலேயே கேட்டார்கள். இலவசம் என்பது ஒரு காரணம்தான். எங்களுக்கு முன்பு இருந்தவர்கள் கைபேசிச் செயலி ஒன்றில் பட்டியலை ஏற்றியிருந்தார்கள். பெயர் வேண்டாம். சோதனைக் காலம் முடிந்ததும் பணம் கட்டினால்தான் பட்டியலையே பார்க்க முடியும் என்று ஆகிவிட்டது. நம் ஆட்களின் போன் நம்பரை நாமே காசு கொடுத்து வாங்குவதா? அட்மிடியோ ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு என்ற கட்டற்ற உரிமத்தில் வருகிறது. தகவல் எல்லாம் மைஎஸ்க்யூஎல், மரியாடிபி அல்லது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் உட்கார்ந்திருக்கும். எப்போது வேண்டுமானாலும் எக்செல்லாக வெளியே எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போகலாம். செயலாளர் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் இதைவிடப் பெரிய வசதி கிடையாது. நிறுவுவதற்கு முன் அட்மிடியோவின் இணையதளத்தில் உள்ள சோதனைத் தளத்தில் நுழைந்து அரை மணி நேரம் கிளிக் செய்து பாருங்கள். பிடித்தால் தொடரலாம்.

முதல் வேலை கணினியில் இல்லை

மென்பொருளை இறக்கும் ஆசையை இரண்டு வாரம் அடக்கி வையுங்கள். அழுக்குப் பட்டியலை நல்ல மென்பொருளில் ஏற்றினாலும் அது அழுக்குப் பட்டியல்தான்.

ஒரு புதிய கால்க் தாளைத் திறந்து நோட்டு, எக்செல், வாட்ஸ்அப் மூன்றையும் ஒன்றாகக் கொட்டுங்கள். ஒவ்வொரு வரியிலும் இது எங்கிருந்து வந்தது என்று ஒரு பத்தி. அப்புறம் ரசீது புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் பெயர் இருந்தும் ரசீது இல்லை என்றால் ஒரு கேள்விக்குறி. ரசீது இருந்தும் நோட்டில் பெயர் இல்லை என்றால் இரண்டு கேள்விக்குறி. கடைசியாக போனை எடுத்துக் கூப்பிட வேண்டியதுதான். நாங்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கூப்பிட்டோம். முடிவில் 118 பேர் நின்றார்கள். யார் உறுப்பினர் என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். விதிமுறையில் என்ன இருக்கிறது என்று பார்த்து, சந்தேகமான பெயர்களை நிர்வாகக் குழுவில் வைத்து மினிட் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் தேர்தல் நேரத்தில் பழி உங்கள் மேல் வரும்.

இனி பெயர். எதிர்பாராத தொல்லை வந்தது இங்கேதான். அட்மிடியோ, மற்ற மேற்கத்திய மென்பொருள்களைப் போலவே, ‘லாஸ்ட் நேம்’, ‘ஃபர்ஸ்ட் நேம்’ என்று இரண்டு கட்டங்களைக் கட்டாயம் நிரப்பச் சொல்லும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை லாஸ்ட் நேமில் போட்டால் பட்டியல் இனிஷியல் வரிசையில் நிற்கும். சு. முருகனைத் தேட ‘சு’வுக்குப் போக வேண்டும். அதனால் தலைகீழாகச் செய்தோம். சொந்தப் பெயர் லாஸ்ட் நேமில், தந்தை பெயர் ஃபர்ஸ்ட் நேமில். பட்டியலில் ‘முருகன், சுப்பையா’ என்று வரும். பார்க்கக் கொஞ்சம் விநோதமாக இருந்தாலும் அகர வரிசை சரியாக நிற்கும். ஒரே ஒரு சங்கடம், அழைப்பு மின்னஞ்சலில் ஃபர்ஸ்ட் நேமை இழுத்துப் போட்டு ‘அன்புள்ள சுப்பையா’ என்று மகனுக்கு எழுதிவிடக் கூடாது. திருமணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றிய பெண்களிடம் எந்தப் பெயர் வேண்டும் என்று கேட்டுப் போடுங்கள். நாமாக ஊகிக்க வேண்டாம்.

வெறும் இனிஷியல் போதாது, தந்தை பெயரை முழுதாக எழுதுங்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எழுத்தும் ஒன்றாக இருக்கட்டும். பாதிப் பெயர் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் இருந்தால் வரிசையும் வராது, தேடலும் வராது. நாங்கள் தமிழை வைத்துக்கொண்டு, ஆங்கில எழுத்தில் பெயர் என்று தனிக் கட்டம் ஒன்று சேர்த்தோம். ஜிபேயில் வரும் பணம் யாருடையது என்று பார்க்கப் பொருளாளருக்கு அது தேவைப்படுகிறது.

அடுத்து உறுப்பினர் எண். ஒருவருக்கு ஒரு எண், அவர் விலகினாலும் இறந்தாலும் அந்த எண் வேறு யாருக்கும் போகக் கூடாது. பழைய நோட்டில் எண் இருந்தால் அதையே தொடருங்கள்.

தேதியிலும் போன் எண்ணிலும் எக்செல் செய்யும் சேட்டை எல்லோருக்கும் தெரியும். 03-07-1978 என்பது ஜூலை மூன்றா, மார்ச் ஏழா? பத்து இலக்க எண் நடுவில் புள்ளி வைத்துச் சுருங்கி நிற்கும். சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பத்தி பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) கால்க்கில் திறக்கும்போது ஒரு பெட்டி வரும் இல்லையா, அதை எல்லோரும் பார்க்காமலே ஓகே கொடுத்துவிடுவோம். அதில்தான் மருந்து இருக்கிறது. எழுத்துக் குறியீட்டு வகைக்கு (‘கேரக்டர் செட்’) யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். கீழே தெரியும் போன் பத்தியின் தலையைக் கிளிக் செய்து ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றுங்கள். பிறந்த தேதிப் பத்திக்கு நாள், மாதம், ஆண்டு வரிசையைத் தேர்ந்தெடுங்கள்.

நிறுவுதல்

இது நினைப்பதைவிடச் சின்ன வேலை. முதலில் வீட்டுக் கணினியில் போட்டுப் பழகுங்கள். அட்மிடியோ பிஎச்பி என்ற நிரல் மொழியில் எழுதியது. அது ஓட ஒரு வெப் சர்வரும் தரவுத்தளமும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகத் தரும் ஸாம்ப் என்ற இலவசப் பொதியை நிறுவி, அதன் கட்டுப்பாட்டுப் பலகையில் அபாச்சி, மைஎஸ்க்யூஎல் இரண்டுக்கும் ‘ஸ்டார்ட்’ கொடுங்கள். அட்மிடியோவின் ஜிப் கோப்பை விரித்து, ஸாம்ப்பில் உள்ள ‘ஹெச்டிடாக்ஸ்’ அடைவுக்குள் ‘அட்மிடியோ’ என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்த அடைவில் போடுங்கள். இறக்கும் பக்கத்திலேயே எந்த பிஎச்பி பதிப்பு வேண்டும் என்று எழுதியிருப்பார்கள், ஸாம்ப்பில் இருப்பது அதற்குக் குறையாமல் இருக்கட்டும்.

பிறகு பிரவுசரில், ஸாம்ப்போடு வரும் தரவுத்தள நிர்வாகப் பக்கமான பிஎச்பிமைஅட்மினைத் திறந்து காலியான தரவுத்தளம் ஒன்றை உருவாக்குங்கள். அப்போது எழுத்து வகைப் பட்டியலில் ‘யூடிஎஃப்8எம்பி4’ என்று தொடங்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தவறினால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறி நிற்கக்கூடும்.

இனி பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், சாய்கோடு, அடைவின் பெயர் என்று முகவரியைத் தட்டினால் நிறுவும் பக்கம் வரும். மொழி, தரவுத்தளத்தின் பெயர், பயனர், கடவுச்சொல் என்று கேட்டுக்கொண்டே போகும். அட்டவணைகளின் முன்னொட்டைக் கேட்டால் இருப்பதை அப்படியே விடுங்கள். சங்கத்தின் சுருக்கப் பெயர், முழுப் பெயர், நேர மண்டலம், கடைசியாக நிர்வாகிக் கணக்கு. அவ்வளவுதான். கொடுத்த விவரங்கள் எல்லாம் ‘ஏடிஎம் மை ஃபைல்ஸ்’ (adm_my_files) என்ற அடைவில் உள்ள கான்ஃபிக் கோப்பில் பதிவாகும். இந்த அடைவின் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஸாம்ப் பழகுவதற்கு மட்டும். அதைப் போட்ட கணினியை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். மைஎஸ்க்யூஎல்லின் தலைமைப் பயனருக்கு அதில் கடவுச்சொல்கூட இருக்காது. எல்லோரும் பார்க்க வேண்டும் என்று வந்த பிறகு, பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும் தரும் வாடகை சர்வரில் போடுங்கள். முகவரி ஹெச்டிடிபிஎஸ் என்று தொடங்க வேண்டும். செயலாளரும் பொருளாளரும் மட்டும் பார்த்தால் போதும் என்கிற கிளப் இணையத்துக்கே போக வேண்டியதில்லை.

கட்டங்களும் குழுக்களும்

உள்ளே நுழைந்ததும் ‘ப்ரொஃபைல் ஃபீல்ட்ஸ்’ பகுதிக்குப் போங்கள். முகவரி, போன், பிறந்த தேதி எல்லாம் ஏற்கெனவே இருக்கும். நாங்கள் சேர்த்தவை நான்குதான்: உறுப்பினர் எண், ஆங்கில எழுத்தில் பெயர், ரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண். ரத்த வகையை எழுத்துக் கட்டமாக வைக்காமல் தேர்வுப் பட்டியலாக வையுங்கள். இல்லையென்றால் ஓ பாசிட்டிவை எட்டு விதமாக எழுதி வைப்பார்கள். தேவையில்லாததைச் சேர்க்காமல் இருப்பதும் ஒரு வேலை. ஆதார் எண்ணுக்கு ஒரு கட்டம் வேண்டும் என்று ஒருவர் சொன்னார். ஷட்டில் ஆட ஆதார் எதற்கு என்று கேட்டதும் விட்டுவிட்டார்.

அட்மிடியோவின் உயிர் ‘ரோல்’ என்பதில் இருக்கிறது. நம் வழக்கில் குழு என்று வைத்துக்கொள்ளலாம். ஆயுள் உறுப்பினர், ஆண்டு உறுப்பினர், மாணவர், நிர்வாகக் குழு என்று ஒவ்வொன்றும் ஒரு ரோல். ஒருவர் இரண்டு மூன்று ரோலில் இருக்கலாம். ஒவ்வொருவரும் ரோலில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் தனித்தனியாகப் பதிவாகும். யார் எதைப் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்ற உரிமையும் ரோல் வழியாகத்தான். மாணவராகச் சேர்ந்த பையன் வேலைக்குப் போனதும் மாணவர் ரோலில் முடிவுத் தேதி விழும், ஆண்டு உறுப்பினர் ரோலில் தொடக்கத் தேதி விழும். பழைய வரலாறு அப்படியே இருக்கும். எக்செல்லில் இதைச் செய்யப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

பட்டியலை ஏற்றுதல், காணாமல் போன முருகன்

உறுப்பினர் பக்கத்தில் ‘இம்போர்ட்’ இருக்கிறது. எக்செல்லின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ், கால்க்கின் ஓடிஎஸ், சிஎஸ்வி எதுவும் ஆகும். கோப்பைக் கொடுத்து, யாரை எந்த ரோலில் சேர்க்க வேண்டும் என்று சொன்னால், அடுத்த பக்கத்தில் உங்கள் பத்திகளையும் அதன் கட்டங்களையும் பொருத்தச் சொல்லும். ஆயுள் உறுப்பினருக்கு ஒரு கோப்பு, ஆண்டு உறுப்பினருக்கு ஒரு கோப்பு, மாணவருக்கு ஒன்று என்று பிரித்து ஏற்றுவது எளிது.

அந்தப் பக்கத்திலேயே ஒரு சின்னக் கேள்வி இருக்கும்: ஏற்கெனவே உள்ள ஆள் மறுபடி வந்தால் என்ன செய்வது? அப்படியே விட்டுவிடலாம், இரட்டையாகச் சேர்க்கலாம், பழையதன் மேல் எழுதலாம், காலிக் கட்டங்களை மட்டும் நிரப்பலாம். நான் யோசிக்காமல் மேல் எழுதச் சொல்லிவிட்டேன். 118 வரி போட்டேன், 117 பேர் வந்தார்கள்.

ஒரு ராத்திரி முழுக்கத் தேடினேன். கடைசியில் பேங்க்கில் வேலை பார்க்கும் சு. முருகனின் பக்கத்தைத் திறந்தால் அதில் ரேஷன் கடை சு. முருகனின் போன் எண். ‘ஆள் ஏற்கெனவே இருக்கிறாரா’ என்று அட்மிடியோ பார்ப்பது லாஸ்ட் நேமையும் ஃபர்ஸ்ட் நேமையும் வைத்து. அன்றைக்கு நான் தந்தை பெயருக்கு இனிஷியல் மட்டும் கொடுத்திருந்தேன். ஒருவர் சுப்பையா மகன், இன்னொருவர் சுடலைமுத்து மகன். இரண்டு பேரும் ‘சு’. மென்பொருளுக்கு ஒரே ஆள். முதலில் வந்தவர் மேல் இரண்டாமவரை எழுதிவிட்டது. நான் சொன்னதைத்தானே செய்தது!

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். தந்தை பெயர் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் பத்துப் பேரை மட்டும் ஏற்றிப் பாருங்கள், பிறந்த தேதியும் போனும் சரியாக வந்திருக்கின்றனவா என்று இரண்டு மூன்று பக்கங்களைத் திறந்து நோட்டோடு ஒப்பிடுங்கள். அப்புறம் மீதியை, ‘விட்டுவிடு’ என்ற தேர்வோடு ஏற்றுங்கள். முடிந்ததும் எண்ணுங்கள். எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால் அன்றைக்கே தேடுங்கள். பத்து நாள் கழித்தால் திருத்தங்களுக்கு நடுவில் எதுவும் கிடைக்காது.

சந்தா

இங்கே அட்மிடியோ கொஞ்சம் கைவிடும். ரோலுக்கு இவ்வளவு சந்தா, ஆண்டுக்கா மாதத்துக்கா என்று குறித்து வைக்க இடம் உண்டு. ஆனால் அது கணக்குப் பேரேடு ஆகாது. வரவு செலவை வேறு இடத்தில் எழுதுங்கள். யார் கட்டினார், யார் பாக்கி என்பதற்கு நாங்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறோம்: ‘சந்தா 2025-26’ என்று ஒரு ரோல். பொருளாளர் ரசீது கிழித்ததும் அந்த ஆளை அதில் சேர்த்துவிடுவார், சேர்ந்த தேதியே கட்டிய தேதி. ஆண்டு உறுப்பினர் பட்டியலையும் இதையும் பக்கத்தில் வைத்தால் பாக்கிக்காரர்கள் தெரிந்துவிடுவார்கள். அடுத்த ஆண்டுக்கு அடுத்த ரோல். பொதுக்குழுவில் ஓட்டுப் போடத் தகுதியுள்ளவர் பட்டியலும் இதிலிருந்தே வருகிறது.

பட்டியலை அச்சிடும்போது ஒரு கவனம். நேரடியாகப் பிடிஎஃப் எடுத்தால் தமிழில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கக்கூடும். எக்செல் அல்லது ஓடிஎஸ்ஸாக எடுத்து, லிப்ரேஆபிஸில் திறந்து, அங்கிருந்து பிடிஎஃப் செய்யுங்கள்.

விலகுபவர்களும் சிறுவர்களும்

ஒருவர் விலகினால் நீக்கப் போவீர்கள். அப்போது இரண்டு வழி காட்டும்: முன்னாள் உறுப்பினராக்குவது, அடியோடு அழிப்பது. முதலாவதுதான் வேண்டும். அழித்தால் அவருடைய பழைய தேதிகளும் போய்விடும்; பத்து ஆண்டு கழித்து வந்து ‘நான் பழைய மெம்பர், எனக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது’ என்று சொன்னால் காட்ட ஒன்றும் இருக்காது. தவறுதலாக இரண்டு முறை ஏறிய பெயரை மட்டும் அழியுங்கள். தன் விவரங்களை நீக்கச் சொல்லி உறுப்பினரே கேட்டால் அது வேறு விஷயம், நிர்வாகக் குழுவில் வைத்துச் செய்யுங்கள்.

18 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரத்தை வைத்துக்கொள்ளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. கோடை முகாமுக்கு வரும் பிள்ளைகள் எல்லாம் இதில் அடக்கம். சேர்க்கைப் படிவத்திலேயே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டோம். பிறந்த தேதி, வீட்டு முகவரி போன்ற கட்டங்களை எல்லா உறுப்பினர்களும் பார்க்காதபடி அமைப்பில் மாற்றிவிடுங்கள். போன் எண்ணைக்கூட, கேட்டுவிட்டுத்தான் மற்றவர்களுக்குத் திறக்க வேண்டும்.

காப்பி எடுத்தல், கைமாற்றுதல்

காப்பி என்றால் இரண்டு பொருள் சேர்ந்தது: பிஎச்பிமைஅட்மினில் ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து எடுக்கும் தரவுத்தளக் கோப்பு, முன்பு சொன்ன ‘ஏடிஎம் மை ஃபைல்ஸ்’ அடைவு. ஒன்று இருந்து மற்றது இல்லை என்றால் பாதிதான் திரும்ப வரும். மாதம் ஒரு முறை பென் டிரைவில் எடுக்கிறோம். புதிய பதிப்பு வந்தால் முதலில் காப்பி, பிறகு இந்த அடைவை மட்டும் விட்டுவிட்டு மற்ற பழைய கோப்புகளை அழித்து, புதியவற்றைப் போட்டு, பிரவுசரில் திறந்தால் தரவுத்தளத்தைப் புதுப்பிக்கவா என்று கேட்கும்.

எடுத்த காப்பி வேலை செய்கிறதா என்று வருடத்தில் ஒரு நாளாவது வேறு கணினியில் ஏற்றிப் பாருங்கள். நாங்கள் முதல் முறை பார்த்தபோது பென் டிரைவில் இருந்தது ஜீரோ கேபி கோப்பு. மூன்று மாதமாக அதைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தோம்.

நிர்வாகிக் கணக்கு எப்போதும் இரண்டு பேரிடம் இருக்கட்டும், ஒரே கடவுச்சொல்லைப் பகிராமல் ஆளுக்கொரு கணக்காக. சர்வரின் வாடகையும் முகவரிப் பெயரும் தனி ஆளின் மின்னஞ்சலில் இல்லாமல் சங்கத்தின் மின்னஞ்சலில் பதிவாக வேண்டும். இவை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, தலைவர் கையெழுத்தோடு கிளப் பீரோவில் ரசீது புத்தகத்துக்கு அடியில் வைத்திருக்கிறோம். பீரோ சாவி டீக்கடைக்காரரிடம் இருக்கிறது. அவர் இன்னும் உறுப்பினர் ஆகவில்லை.